பார்க்காமல் மருந்து இல்லை

ஏம்பலத்து நாய் ஒன்றுக்கு நாலு நாள் மருந்து போடாமல் விட்டோம். கழுத்துப் புண் உள்ளே இறங்கிவிட்டது. மாட்டாஸ்பத்திரியில் கடிப்பது நாய் மட்டுமில்லை.

எழுபதுகளில் பாகூர் பக்கம் நான் கம்பவுண்டர். சீட்டு எழுதும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைத்தவர்களே, உங்களுக்கும் இந்த வியாதி இருந்திருக்கும்: யார் நாய் வளர்க்கலாம், யார் வளர்க்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்கிற வியாதி.

சாக்கில் வந்த நாய்

சின்னப்பொண்ணு நடவு ஆள். ஏம்பலத்திலிருந்து நடந்தே வந்தாள். தோளில் சாக்கு, சாக்குக்குள் செவலை நாய். கழுத்தில் கை நுழைகிற அளவு புண், உள்ளே நெளிகிற புழு. டர்பன்டைன் விட்டு, இடுக்கியால் எடுத்து, பஞ்சு வைத்து அடைத்தேன். தினமும் கொண்டுவா, ஒரு வாரம் ஆகும் என்றேன்.

வரிசையில் அல்சேஷனோடு ஒரு சொல்தா நின்றிருந்தார். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்து பென்ஷன், மடிப்புக் கலையாத சட்டை. கஞ்சிக்கே வழியில்லாததுக்கெல்லாம் நாய் ஒரு கேடா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டாள்.

"அதுவும் அந்தக் கஞ்சிதான் குடிக்குது மொதலாளி. உங்க வூட்டுக்கு வர்ல."

வராத அல்சேஷன்

அல்சேஷனுக்கும் புழுதான், காதில். சங்கிலியில் கட்டி மறந்தால் வராமல் என்ன செய்யும்? மறுநாள் சொல்தா வரவில்லை, நாயும் வரவில்லை. வேலைக்காரன் மட்டும் சைக்கிளில் வந்தான். நாயைப் பார்க்காமல் மருந்து தரக்கூடாது என்பது விதி. ஒரு வாரத்துக்கான மருந்தை பாட்டிலில் ஊற்றி, மூடிபோட்டுக் கொடுத்தேன். நாய் எப்படியிருக்கிறது என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"யாரு சார் பாத்தா? ஐயா பாட்டில வாங்கியாரச் சொன்னாரு, அவ்ளோதான்."

ஐந்து மணிக்கு மேல்

சின்னப்பொண்ணு மேலும் இரண்டு நாள் வந்தாள். பிறகு நாலு நாள் காணோம். நடவு தொடங்கிவிட்டது. ஒரு நாள் வராமல் நின்றால் கொத்திலிருந்து, அதாவது நடவுக் கூட்டத்திலிருந்து, எடுத்துவிடுவார்கள், அந்தப் பட்டம் முழுக்க வேலை கிடையாது. எனக்குத் தெரியாதா? தெரியும். ஏழாம் நாள் சாயங்காலம், காலில் சேறு காயாமல், பூட்டுகிற நேரத்துக்கு ஓடிவந்தாள். நாயைத் தூக்கவே முடியவில்லை, தலை தொங்கிவிட்டது, மருந்தைக் கொடுத்தால் தானே போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். பார்க்காமல் மருந்து இல்லை என்றேன். அதோடு நிறுத்தினேனா? பார்த்துக்கொள்ள முடியாதவள் நாயை எதற்கு வைத்துக்கொண்டாய் என்றும் கேட்டேன்.

"நானா வெச்சிக்கினேன்? அதுவா வந்துச்சி சார். போன்னா எங்க போவும்?"

இலைப் பொட்டலம்

செங்கேணி கடலோரத்து நல்லவாட்டு மீன்காரி. காலையில் பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் வாசல் வழியாக ஏம்பலம் போவாள், மத்தியானம் திரும்புவாள். மறுநாள் காலை கூடையை என் ஜன்னலில் வைத்தாள். நாற்றம். எடு என்றேன். எடுக்கவில்லை. நேற்று ஏம்பலத்தில் அந்த நாயைப் பார்த்தேன், சின்னப்பொண்ணுக்கு மருந்து கொடு என்றாள். விதியைச் சொன்னேன். சொல்தா வீட்டு வேலைக்காரன் பாட்டிலோடு போனதை இந்த வாசலில் நான் பார்த்தேன், அன்றைக்கு அந்த நாயை நீ பார்த்தாயா என்று கேட்டாள். ஒரு நாள் மருந்து ஊற்றினேன். நாளைக்கு நாயைக் காட்டாமல் கிடையாது என்று அப்போதும் வீறாப்பு.

மறுநாள் மத்தியானம் பூவரச இலையில் ஒரு பொட்டலம் கொண்டுவந்து, என் சீட்டுப் புத்தகத்தின் மேல் பிரித்தாள். ராத்திரி சின்னப்பொண்ணு எடுத்த புழு, முப்பதுக்குக் குறையாது. மருந்து கொடுத்தேன். தினமும் பொட்டலம் வந்தது, தினமும் சின்னதாகிக்கொண்டு வந்தது. பொட்டலம் வரத் தொடங்கிய ஒன்பதாம் நாள் வெறும் இலையை விரித்துக் காட்டினாள்.

"பாக்காம மருந்து இல்லன்னியே, இப்ப நல்லா பாத்துக்க. இன்னா கீது இதுல?"

நானும் என் விதியும் சேர்ந்து அழுகவிட்ட புண்ணை ஆற்றியது, கால்நடை வைத்தியத்தில் ஒரு நாளும் சம்பளம் வாங்காத செங்கேணி.