நான் ஏரியலாக இருந்த மாலை

ஒன்பது வயதில், என் உடம்புக்கு ரேடியோ அலைகளை இழுக்கும் சக்தி இருப்பதாக நம்பினேன். பின்னாளில் இயற்பியலில் பட்டம் வேறு வாங்கித் தொலைத்ததால், இதைச் சொல்லக் கூடுதலாகவே வெட்கமாக இருக்கிறது.

ஆம்பூரில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பக்கத்துத் தோல் மண்டியின் கம்பம் வரை, ரேடியோவுக்கு ஏரியலாக ஒரு செப்புக் கம்பி கட்டியிருந்தது. கடல் கடந்து வரும் சிற்றலைத் தமிழ் நிலையம் தினமும் மாலை ஏழு மணிக்கு அதன் வழியாகத்தான் எங்கள் ரேடியோவில் இறங்கும். ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் நான் எதேச்சையாகக் கம்பியைப் பிடித்தேன். பாட்டு கணீரென்று கேட்டது. "பாப்பாவுக்கு ராசியான கை" என்றார் மாமா. போதாதா? டிசம்பரில் நான் பிடிக்காவிட்டாலும் அது கணீரென்றுதான் கேட்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அம்மாவின் தம்பியான அந்த மாமாவுக்கு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை. தன் கடிதத்தை நிலையத்தில் படிக்கப்போகிறார்கள், மார்ச்சில் இன்ன தேதி என்று பதிலே வந்துவிட்டது என செக்‌ஷன் முழுக்கச் சொல்லிவைத்தார். நம்பாத நாலு பேர் அன்று வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ரேடியோ மாடிக்கு ஏறியது. மாமாவின் மானம் என் கையில்.

ஏழு அடிக்கும்வரை மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அறிவிப்பாளர் வணக்கம் சொன்னார். அடுத்த நொடி அவர் குரல் தண்ணீரில் முங்கிவிட்டது. நான் கையை மாற்றினேன். ஒற்றைக் காலில் நின்றேன். கம்பியைப் பல்லால் கடித்தும் பார்த்தேன்.

"இன்னாப்பா, உன் லெட்டர கெணத்துல எறங்கிப் படிக்கிறானா?" என்றார் ஒருவர்.

"இரு தோஸ்த், பேர் வருது... இல்ல, தவள" என்றார் இன்னொருவர்.

"நான் இன்னா பண்றது? பாப்பா புடி இன்னிக்கு சரியில்ல" என்று மாமா பெருமூச்சு விட்டார். "ரெண்டு தபா என் பேர் வந்துச்சு. நீங்க சிரிச்சதுல போய்ட்டுது."

அவர்கள் போனதும் நான் தேம்பினேன். மாமா திட்டவில்லை. ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்புக் காலம் அது; அந்த நாட்களில் எங்கள் வீட்டில் கறி வாசனையே கூடாது. அதையும் மீறிக் கடைத்தெருவில் பிரியாணி வாங்கித் தந்தார். வழியெல்லாம் விசிலடித்தார். மானம் போன மனிதர் ஏன் விசிலடிக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் துக்கத்தை மறைக்கிறார் என்று நினைத்து, அவருக்காக ஜெபம் செய்தேன்.

கல்லூரியில்தான் எனக்கு விடுதலை கிடைத்தது. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள எங்களைப் போன்றவர்களின் தலைக்கு மேலே, பொழுது சாய்ந்ததும் அயனி மண்டலம் மேலெழும்பி, உலை கொதிப்பதுபோல் குமிழி விடுமாம். மார்ச், செப்டம்பர் வாக்கில் அது ஜாஸ்தி. அதில் பட்டுத் திரும்பும் சிற்றலை நடுங்கிச் சிதறும். நேரமாக ஆக அடங்கும். ஆக, குற்றவாளி நானல்ல, வானம்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், மேசைக் காகிதத்தில் படம் போட்டு மாமாவுக்கு இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"போடாத லெட்டர எவன் பாப்பா படிப்பான்? லெந்து நாள்ல ஏழு மணிக்கு ரேடியோ குளறும்னு வருசா வருசம் பாத்துதானே தேதி சொன்னேன். அந்தக் கத்திரிக்காவ இப்டி தள்ளு."