மேற்கு இறவாரத்துத் தேன்கூடு

சாம்பிராணிப் புகை மேலே போனபோது என் கையில் பிறந்து மூன்று நாளான ஓர் ஆண் குழந்தை இருந்தது. என் ஐந்து மாத மகள், நான் தங்கியிருந்த அடுத்த அறையில் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு அறை ஜன்னல்களும் திறந்திருந்தன. வெளியே, ஜன்னல்களுக்கு மேலே மேற்கு இறவாரத்தில், முறத்தைவிடப் பெரிய மலைத்தேனீக் கூடு தொங்கியது.

குற்றாலத்துத் தாய்சேய் நல விடுதியில் நர்ஸாக நான் சேர்ந்த முதல் வருடம் அது. மாசியில் தேனீக்கள் வந்து இறங்கின. டியூட்டிக்கு நடுவே போய்ப் போய்ப் பார்ப்பேன். பருந்து தாழப் பறந்தால் போதும், கூடு முழுக்க ஓர் அலை பளபளவென்று ஓடும். எனக்கு உடம்பே சிலிர்க்கும். அடுத்த நிமிடமே கவலையும் வரும். பிள்ளை பெறும் இடத்தில் இதை விட்டுவைப்பது சரியா? தென்காசியிலிருந்து வரும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அதை யாரும் சீண்டாமல் பார்த்துக்கொள், அவ்வளவுதான் என்றார். உள்ளூர்க்காரர்கள், சாரல் தொடங்கினால் தானாகப் போய்விடும் என்று சொல்லி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்தக் குழந்தையின் தாய் பேச்சியம்மாளுக்குத் தலைப்பிரசவம், தையல் போட்டிருந்தது. அவள் அம்மா குழந்தையைக் குளிப்பாட்டி, தலை காயட்டும் என்று ஜன்னலோரம் சாம்பிராணி போட்டார். என் மகளுக்கும் தினமும் போடுவதுதானே என்று நானே பிள்ளையை வாங்கிப் புகையில் காட்டினேன். புகை ஜன்னல் வழியாக வெளியேறி நேரே மேலே ஏறியது.

திடீரென்று இரைச்சல். வெயிலை மறைத்துக்கொண்டு தேனீக்கள் கிளம்பின. குழந்தையைப் பேச்சியம்மாள் மடியில் போட்டேன், இருவரையும் கம்பளியால் மூடினேன், வார்டு ஜன்னலை அடைத்தேன். ஆயா செல்லம்மா தூபக்காலில் தண்ணீரை ஊற்றினாள். அப்புறம்தான் அடுத்த அறைக்கு ஓடினேன். தொட்டில் துணியில் ஒரு தேனீ ஊர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தப் போன கை அப்படியே நின்றது. அது துணியின் விளிம்பு வரை போய், பறந்து, வெளியே போனது. என் மகள் விழிக்கவேயில்லை.

செய்தி கேட்டுப் பேச்சியம்மாளின் கணவர் முருகையா ஓலைப் பந்தத்தோடு வந்துவிட்டார். ஆலங்குளத்துக்காரர், இங்கே தோப்புக் குத்தகை எடுத்திருந்தார்.

"நீங்களும் பிள்ளைக்காரிதான நர்ஸம்மா? ஒரே நிமிசம், எரிச்சிருதேன்."

'சரி' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தொட்டில் துணி இன்னும் கண்ணில் நின்றது. ஆனால் வெறும் புகைக்கே இப்படி என்றால்?

"எரியாத பூச்சி எங்கன போவும் அண்ணாச்சி? ஓட்டு இடுக்கு வழியா உள்ளதான் வரும். தையலோட உங்க வீட்டம்மா எந்திரிச்சி ஓடுவாளா?"

அவர் மனைவியைப் பார்த்தார். பந்தத்தைக் கீழே வைத்தார்.

இனி ஜன்னலோரம் சாம்பிராணி வேண்டாம் என்றேன். அவர் மாமியார் விடவில்லை. "அப்பம் எம் பேரனுக்குச் சளி பிடிக்கட்டும்னு சொல்லுதியா? இதுக்கு நான் வீட்டுலயே பேறு பாத்திருப்பேன்."

அதற்குத்தான் அதிகம் பயந்தேன். சாம்பிராணி கூடாது என்றால் நாளை ஒருத்தியும் பிரசவத்துக்கு வரமாட்டாள். அதனால் சாம்பிராணியைக் கிழக்கே பின்கட்டுச் சமையல் கொட்டகைக்கு மாற்றினோம். மலைக்காற்று புகையைக் கூட்டுக்கு எதிரே தென்காசிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். முணுமுணுத்துக்கொண்டே அந்த அம்மாவும் அங்கே போனார். கூடு மேற்கே இல்லாமல் பின்கட்டுப் பக்கம் இருந்திருந்தால் இந்த யோசனை பலித்திருக்குமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

ஆனியில் சாரல் தொடங்கியது. முருகையா தன் மகனைத் தூக்கிக்கொண்டு அம்மை குத்த வந்தார். வந்ததும் என்னைப் பார்க்கவில்லை, இறவாரத்தைப் பார்த்தார். வெறும் அடைதான் தொங்கியது.

"எங்க நர்ஸம்மா, நம்ம பூச்சியளக் காணும்?"

போய்விட்டன என்றேன். மறுபடி வருமா என்று கேட்டார், ஊருக்குப் போன உறவுக்காரரைக் கேட்பதுபோல.

மறு மாசியில் வந்தன. இங்கே புதிதாகச் சேரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: காலையில் ஜன்னலைத் திறக்குமுன் வெளியே போய் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.