கயிற்றைக் கழற்றிவிட்டு இறங்கிய செனகல் மல்லன்

ஹெப்சிபாவுக்கு வேலை இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில். ஆறு நாள் காஸ் துணியை மடித்துப் பொட்டலம் கட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிடுவாள். அங்கே சதீஷின் செல்போன் கடை மாடியில் ஐந்தாறு பேர் கூடிப் பகடை உருட்டிக் கதை விளையாடுவார்கள். ஆளுக்கொரு பாத்திரம், சண்டை, மாயம், புதையல் எல்லாம் வாயால்தான். கதையை நடத்துகிறவன் சதீஷ். மூன்று வருஷமாக உட்கார்ந்து, தமிழில் ஒரு விதிப்புத்தகமே எழுதிவிட்டான். நாற்பது பிரதி அச்சடிக்க ஏற்பாடு.

அந்தப் புத்தகத்தில்தான் ஹெப்சிபாவுக்கு வயிற்றெரிச்சல். வெறுங்கையால் சண்டை போடும் தவவீரர்கள் என்று ஓர் அத்தியாயம். பத்து வகை வீரர்கள்; பத்துப் பேரும் மொட்டையடித்துக்கொண்டு பனிமலை மடத்தில் மூச்சுப் பிடிக்கிறவர்கள். ஏன், உலகத்தில் வேறு மண்ணே இல்லையா? சாமியும் சண்டையும் ஒரே உடம்பில் சேர்வது சீனாவிலும் ஜப்பானிலும் மட்டும்தானா? டீ இடைவேளையில் செனகல் நாட்டு மல்யுத்தத்தை போனில் பார்த்த அன்று அவளுக்குக் கை வேலையில் ஓடவில்லை. மேளம் அதிர, கையிலும் தொடையிலும் ஜெபம் ஓதி மந்திரித்த கயிறும் தாயத்தும் கட்டி, தலையில் பால் ஊற்றிக்கொண்டு, தன் பெருமையைத் தானே பாடியபடி மணலில் இறங்குகிறான் ஒருவன். கன்னங்கரேலென்று அவள் தம்பி மாதிரியே இருந்தான். இவனைப் புத்தகத்தில் ஏற்றாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

"ஏத்திருவோம். ஆனா நம்ம வழக்கம் தெரியும்லா?" என்றான் சதீஷ். "மேசையில ஒரு சண்டை ஜெயிக்காத எவனும் புத்தகத்துல கிடையாது. வாயால சொன்னா சொன்னதுதான், திருப்பி வாங்க முடியாது. நாளைக்கு அச்சுக்குப் போகுது. இன்னைக்கு ஒரே சண்டை."

"ஒண்ணு போதும். ஆரம்பி."

எதிராளி ஓர் இரும்பு ராட்சதன். அவனை ஆட்டுவித்தது, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த பாண்டிச்செல்வம் அண்ணன். யார் முதுகு மண்ணில் படுகிறதோ அவன் தோற்றான். ஹெப்சிபா மேசையையே மேளமாக்கித் தட்டினாள். மல்லனின் பெருமையை அவள் பாடிய பாட்டில் கீழே ரீசார்ஜ் பண்ண வந்தவர்கள்கூட மேலே எட்டிப் பார்த்தார்கள். அந்த வேகத்திலேயே சொன்னாள்: "கயிறு, தாயத்து எல்லாத்தையும் கழத்தி வச்சுட்டு, மண்ணத் தொட்டுக் கும்பிட்டு உள்ள இறங்குதான்!"

"அடப்பாவி! பவரே அந்தக் கயித்துலதான தாயி இருக்கு?" என்று பாண்டிச்செல்வம் தலையில் கை வைத்தார்.

பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் கபடி ஆடியவள் அவள். கையில் கிடக்கும் கயிறு, வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்தால்தான் நடுவர் கோட்டுக்குள் விடுவார். பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது. ஆனாலும் திருப்பிக் கேட்கவில்லை.

"சொன்னது சொன்னதுதான். உருட்டுங்கண்ணே."

ராட்சதன் இரண்டு தடவை மல்லனைத் தூக்கினான். மூன்றாம் சுற்றில் ஹெப்சிபா, "கணுக்காலப் பிடிச்சு இழுக்கேன்" என்று உருட்டினாள். இருபது முகப் பகடையில் பத்தொன்பது! ராட்சதன் மல்லாக்க விழுந்தான். மாடியே அதிர்ந்தது.

சதீஷ் அங்கேயே லேப்டாப்பில் தட்டினான்: 'மல்லன். உடல் பலம் மட்டும். மந்திர சக்தி இல்லை.'

"யாரு இது?" என்றாள் ஹெப்சிபா.

"இவன்தான ஜெயிச்சான்? கயிறு இல்லாமத்தான ஜெயிச்சான்?"

வழக்கப்படி அவன் சொல்வது சரி. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"அப்ப எழுதாத, அழி. மத்தவனுக்கெல்லாம் தவம், இவனுக்கு மட்டும் வெறும் சதையா? அந்தப் பக்கத்த வெத்தா விடு. கயிறு கட்டி ஜெயிச்சுட்டு வந்து நான் கையால எழுதுதேன்."

"நாப்பது புத்தகத்துலயுமா? கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"நாப்பதுலயும்."

புத்தகம் ஒரு பக்கம் காலியாகத்தான் வந்தது. அடுத்த மூன்று ஞாயிறும் கயிறு கட்டி இறங்கித் தோற்றாள். பகடை அப்படிப் பழிவாங்கியது. நாலாவது வாரம், "இந்தத் தடவ நான் செத்த விட்டுக் குடுக்கட்டுமா?" என்றார் பாண்டிச்செல்வம்.

"விட்டீங்கன்னா இந்த மாடி ஏற மாட்டேன், பாத்துக்கோங்க."

அவர் விடவில்லை; அன்றைக்கும் தோல்விதான். ஐந்தாவது ஞாயிறு, ஒரு கயிறு குறையாமல் கட்டியிருந்த மல்லன் ராட்சதனைச் சாய்த்தான்.

ஹெப்சிபா சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. நாற்பதையும் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இருபது தாண்டியதும் விரல் மரத்தது. "பாதிய நான் எழுதுதேன், குடு" என்று சதீஷ் கை நீட்டினான். கொடுக்கவில்லை. நாற்பதாவது புத்தகத்திலும் ஒரு வார்த்தை குறையாமல் எழுதினாள்: 'செனகல் மல்லன். இவன் பலம் பாதி உடம்பில், பாதி ஜெபத்தில்.'