நான் பெயிண்ட் அடிக்கச் சொன்ன ஸ்பிரிங்க்ளர்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில் சேலத்தை அடுத்த ஒரு நூற்பாலையில் பயிற்சி சூப்பர்வைசராக இருந்தேன். பாலிடெக்னிக் முடித்த வேகம், கையைச் சும்மா வைத்திருக்க முடியாது. ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கிறார்களே, தீயணைக்கும் குழாய்கள் மட்டும் என்ன பாவம் செய்தன என்று பஞ்சு கலக்கும் கூடத்துக்குப் பெயிண்டரைக் கூட்டி வந்தேன். கூரையடியில் ஓடும் குழாய்களுக்குச் சிவப்பு. தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்க அவற்றில் வரிசையாகத் தொங்கும் ஸ்பிரிங்க்ளர் மூக்குகளுக்கு வெள்ளி நிறம். மானேஜரே நின்று பார்த்துப் பாராட்டினார்.

பூஜை முடிந்த மூன்றாம் நாள் காலை, பஞ்சோடு வந்த ஏதோ இரும்புத்துண்டு மெஷினில் உரசி, பஞ்சுக்குவியல் பற்றிக்கொண்டது. நேர் மேலே இருந்த மூக்கு திறந்து தண்ணீர் கொட்டியது. தீ அடங்கிவிட்டது. எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. மற்ற மூக்குகள் ஏன் சும்மா இருந்தன? எல்லாம் பழுதா?

பூஜை லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்த ஃபிட்டர், வால்வை மூடிவிட்டு வந்தார்.

“ஏனுங்க தம்பி, எல்லாம் ஒண்ணாத் தொறக்குமுன்னு நெனச்சீங்களா? ஒவ்வொரு மூக்குலயும் ஈயப்பத்து வெச்சு மூடியிருக்குதுங்க. சூடு பட்டா உருகும், மூடி கழண்டுக்கும், தண்ணி வரும். சூடு படாத எடத்துக்கு எதுக்குங்க குளிப்பாட்டு?”

அப்பாடா என்றிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“இதுக்கெல்லாம் யாருங்க பெயிண்ட் அடிச்சது?”

“நான்தான் அடிக்கச் சொன்னேன். ஏன்?”

“பெயிண்ட் மூடிக்கிட்டா ஈயத்துக்குச் சூடு ஏறாதுங்க. ஏறி உருகுனாலும் மூடி ஒட்டிக்கும்.”

“இன்னிக்குத் திறந்ததே?”

அவர் மேலே கையை நீட்டிக் காட்டினார். திறந்த மூக்கு பித்தளையாகவே இருந்தது. மெஷின் குறுக்கே நின்றதால் ஏணி போட முடியவில்லை என்று பெயிண்டர் விட்டுப்போன ஒன்று.

“அப்ப மத்ததெல்லாம் திறந்திருக்காதா?”

“எனக்கெப்படிங்க தெரியும்? கீழ தீ வெச்சாத்தான் தெரியும்.”

“சுரண்டிடலாமா?”

“கெட்டுதுங்க சோலி. எல்லாத்தையும் கழட்டிப் புதுசுதான் போடோணும். மானேஜர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?”

வேலை போய்விடுமா? சொல்லாமலிருந்தால் அடுத்த தீ எந்த மூக்கின் கீழே வரும்? ஒன்றையும் தீர்மானிக்காமலேதான் மானேஜர் அறைக்கு நடந்தேன். மானேஜர் வாசலிலேயே என் தோளைத் தட்டினார்.

“பார்த்தியாப்பா, உன் வெள்ளி மூக்கு ஆலையையே காப்பாத்திடுச்சு.”

“இல்லைங்க சார்,” என்றேன். “அது ஒண்ணுக்கு மட்டும்தான் நான் பெயிண்ட் அடிக்கலை.”