தூக்கிப் பிடிங்க, சிரிங்க

கமலவேணியின் கோபம் தஞ்சோங் கிளிங் அடுக்குமாடி முழுக்கப் பிரசித்தம். லிப்ட் ஓடாவிட்டால் அலுவலகத்தில் போய்க் கத்த அவளைத்தான் கூப்பிடுவார்கள். சுங்கை ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் கைமாறியதும் சட்டி பானையோடு வெளியேறி, இப்போது கடலோர ஹோட்டலில் யாரோ படுத்தெழுந்த விரிப்புகளைத் துவைக்கிறாள். கணவன் சேகரன் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறான். அந்தக் கோபமும் இல்லையென்றால் அவளும் என்றைக்கோ படுத்திருப்பாள்.

அவள் வாயை மூடிக்கொண்டிருக்கும் இடம் ஒன்றே ஒன்று. மாதக் கடைசியில் சங்கத்துக்காரர்கள் மண்டபத்தில் ஏழைகளுக்கு ஹேம்பர் கூடை கொடுப்பார்கள். அரிசி, எண்ணெய், மைலோ, பிஸ்கட். சும்மா கொடுப்பார்களா? பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டு, பேனருக்கு முன்னால் நிறுத்தி, சங்கத் தலைவர் வீரப்பன் படத்துக்காகக் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்வார். "தூக்கிப் பிடிங்க தங்கச்சி, சிரிங்க!" அதென்ன தர்மமோ, பாழாய்ப்போன தர்மம்! பிள்ளைகளின் வயிற்றை நினைத்துப் பல்லைக் காட்டிவிட்டு வருவாள். மகள் தேவிஸ்ரீயும் மகன் தனேஷும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போன மாதம் ஹேம்பர் வாங்கிய மறுநாள், வேலை முடிந்து மாடியேறி வந்தவள் நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டாள்.

எதிர்வீட்டு வாணி கைக்குழந்தைக்காரி. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போனவன், திரும்பவில்லை. அவள் தன் வாசலில் ஒரு பிஸ்கட் பெக்கெட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து நிற்கிறாள். பெக்கெட்டின் மறுமுனையை ஏழு வயதுத் தனேஷ் தலைவர் மாதிரி விறைப்பாகப் பிடித்திருக்கிறான். பத்து வயது தேவிஸ்ரீ கையில் அப்பாவின் கைப்பேசி.

"வாணிக்கா, இன்னும் மேல தூக்கிப் பிடிங்கலா. சிரிங்க!"

வாணி சிரித்தாள்.

கமலவேணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கைப்பேசியைப் பிடுங்கினாள். "அறிவிருக்காடி ஒனக்கு? யாருடி இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?" என்று கையை ஓங்கினாள்.

தேவிஸ்ரீ மிரண்டுபோனாள். "எங்க பங்கதாம்மா குடுத்தோம். தம்பி ஒண்ணுகூடத் திங்கல. குடுத்தா படம் புடிக்கணும்தானே? நீயும் அங்க சிரிச்சியே!"

ஓங்கிய கை கீழே இறங்கியது. யாரை அடிப்பது?

"திட்டாதீங்கக்கா, சின்னப் பிள்ளைங்க," என்றாள் வாணி. "எனக்கு இதெல்லாம் பழகிருச்சு."

"என்னத்தப் பழகிருச்சு? பழகக் கூடாதுலா இதெல்லாம்!" வாணியிடம் ஏன் கத்துகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. படத்தை அங்கேயே அழித்தாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே போய், "இனிமே யாருக்காச்சும் குடுக்கணும்னா கதவத் தட்டு, குடு, வந்துரு. அவ்வளவுதான்," என்றாள்.

அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் வீரப்பன் கைப்பேசியில் கூப்பிட்டார். "தங்கச்சி, அடுத்த மாசம் கோலாலம்பூர்ல இருந்து பெரிய ஆளு வர்றாரு. பிள்ளைங்களையும் மேடையேத்துங்க. படம் நல்லா வரும்."

"சாமான் மட்டும் குடுக்கிறதா இருந்தா வர்றேண்ணே. படந்தான் வேணும்னா வேற ஆளப் பாருங்க."

"என்னம்மா பேசுற? பேரை வெட்டிருவேன், அப்புறம் வந்து அழக் கூடாது."

"வெட்டுங்க! எம்பிள்ளைங்க ஒங்க பேனருக்குப் பொம்மை இல்ல!"

கைப்பேசியைக் கட்டிலில் வீசினாள். படுத்திருந்த சேகரன் அதை எடுத்துத் தலையணைக்கடியில் வைத்தான். அடுத்த மாத அரிசிக்கு என்ன வழி என்று அவளுக்கே தெரியாது.

தேவிஸ்ரீ மெதுவாகக் கேட்டாள். "இனிமே ஹேம்பர் கிடைக்காதாம்மா?"

"கிடைக்காது."

தனேஷ் யோசித்தான். முகம் வாடிவிட்டது. "அப்ப வாணிக்காவுக்கு நாம என்னம்மா குடுக்கிறது?"

கமலவேணி அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. கோபம் மட்டும் கொஞ்சமும் தணியவில்லை.