குளத்துப் படுதா

வண்டிப்பெரியாரில் நான் எஸ்டேட் எலக்ட்ரீசியனாக இருந்தபோது, மேனேஜர் பங்களா நீச்சல் குளத்தின் ஹீட்டர் கரண்டைக் குடித்துத் தீர்த்தது. பில்லைக் குறைக்கச் சொல்லி ஆபீசில் என் உயிரை வாங்கினார்கள். சூடு வெளியேறாமலிருக்க, சாயங்காலமானால் குளத்தைப் படுதாவால் மூடும்படி பங்களா காவல்காரரிடம் சொன்னேன். எப்போதும் கம்பளித் தொப்பியோடு இருப்பார். குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர் போல முழங்கையை நனைத்துத்தான் தண்ணீரில் சூடு பார்ப்பார்.

பில் குறையவே இல்லை. ஒரு மழை நாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால், குளம் திறந்து கிடக்கிறது.

"படுதா எங்கய்யா?" என்று கத்தினேன்.

"எங்க தொழிலாளர் லைன் வீட்டுக் கூரை ஒழுகுது சார், அங்க போட்டிருக்கேன். கொளம் எப்பவும் நனைஞ்சுதான கெடக்கு? அங்க பிள்ளைங்க நனையுதுல்ல."

அவர் முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, உண்மையான கவலையோடு சொன்னார்: "ஆறிப் போச்சே சார். ஹீட்டரக் கொஞ்சம் கூட்டி வைங்க."