பிச்சைச் சம்பள விசாரணை

எழுபத்தேழு இனக்கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள் நாங்கள். ஒட்டுசுட்டான் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் வயல் வைத்திருந்தார். தன் காணியின் மூலையில் குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார். அவர் வயலுக்குக் காட்டை வெட்டியது, வரம்பு கட்டியது எல்லாம் என் வீட்டுக்காரர். ஐயா நல்ல மனிதர் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

பிறகு வீட்டுக்காரருக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. கால் வீங்கியது. கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் வழியில் குந்திவிடுவார். வவுனியா ஆஸ்பத்திரியில் இதயம் பழுது என்றார்கள். இனி மண்வெட்டி தொடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. நான் வயலில் புல்லுப் பிடுங்கப் போனேன். அந்தக் கூலி அரிசிக்குக் காணும். வவுனியாவுக்குப் போகிற பஸ்ஸுக்குக் காணாது. போகாத மாதம் மருந்துக் குளிசை இல்லை.

ஐயாதான் வழி சொன்னார்.

"பிச்சைச் சம்பளம் எண்டு ஒண்டு இருக்கு, பிள்ளை. புருசன் வேலை செய்ய ஏலாத வீட்டுக்குக் கவர்மென்ட் மாதாமாதம் குடுக்கும். விதானையார் வந்து பாத்து எழுதவேணும். நான் சாட்சி சொல்லுறன்."

விதானையார் ஊருக்குப் பொறுப்பான அரசாங்க ஆள். அவர் எழுதினால்தான் எதுவும் நடக்கும். நான் ஐயாவைக் கும்பிட்டேன்.

விசாரணை நாள் காலையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"படுத்தே இருங்க. படுத்துக்கிட்டே பேசுங்க."

"சரி புள்ள."

சைக்கிள் மணி கேட்டது. விதானையாரோடு ஐயாவும் வந்தார். முற்றத்தில் உட்காரக் கதிரை எடுத்து வைத்தேன். அதுவும் ஐயா வீட்டுக் கதிரைதான். திரும்பிப் பார்த்தால் இவர் வாசலில் நிற்கிறார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்து, மடித்த சாரத்தை இறக்கிவிட்டு, நேராக.

தோட்டத்தில் அப்படித்தான். துரை நாங்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் வந்தால் காய்ச்சல்காரனும் வெளியே வந்து நிற்க வேண்டும். படுத்திருந்தால் திமிர் என்பார்கள். பிறந்ததிலிருந்து அப்படி நின்ற உடம்பு. நான் ஒரு காலையில் சொன்னதை அது கேட்கவில்லை.

விதானையார் சிரித்தார்.

"எழும்ப ஏலாது எண்டாய். என்னைவிட நிமிந்து நிக்கிறான்."

"மரியாதைக்கு நிக்கிறாருங்க. கொஞ்ச நேரத்துல விழுந்துடுவாரு."

"விழட்டும், எழுதுறன்."

நான் ஐயாவைப் பார்த்தேன். விதானையாரும் அவரிடமே கேட்டார்.

"நீங்கள் சொல்லுங்கோ. இவன் வேலை செய்யிறவனோ?"

ஐயா தோளில் கிடந்த சால்வையை இழுத்துவிட்டார்.

"என்ர வயலுக்குக் காவல் இவன்தான். பரணிலை இருந்து யானை வெருட்டுறான். சும்மா இல்லை."

பரணில் ஏறித் தகரம் தட்டியது நான். அது ஐயாவுக்குத் தெரியும்.

"அது நானுங்க" என்றேன்.

விதானையார் என்னைக் கணக்கெடுக்கவில்லை. இவரைக் கேட்டார்.

"என்னடாப்பா, ஐயா சொல்லுறது சரியோ?"

இவர் ஐயாவின் முகத்தைப் பார்த்தார். கக்கத்துத் துண்டை இறுக்கிக்கொண்டார்.

"ஆமாங்க. ஐயா சொன்னா சரிங்க."

விசாரணை அவ்வளவுதான். விதானையார் கதிரையில் இருக்கக்கூட இல்லை.

விதானையாரின் சைக்கிள் மறைந்ததும் இவர் வாசல் மரக்கப்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். நான் தாங்கிப் பிடிக்கவில்லை. நடந்து போன ஐயாவின் பின்னால் ஓடினேன்.

"ஏங்கய்யா, சாட்சி சொல்றேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் ஒளிக்கவில்லை.

"சொல்லத்தான் வந்தனான். வாற வழியிலை விதானையார் கேட்டார், இவையள் ஆரின்ரை காணியிலை இருக்கினம் எண்டு. கவர்மென்ட் கடுதாசியிலை உங்கட குடிசை ஏறினால் நாளைக்கு இந்த மூலை உங்கட எண்டு வரும். காவல்காரன் எண்டால் வராது. எனக்கும் பிள்ளையள் இருக்கு. கோவிக்காதை. கதிரையைக் கொண்டுவந்து வை."

கொண்டுபோய் வைத்தேன். குடிசை அவர் காணியில்தானே இருந்தது.

ஐயா செய்தது எனக்குப் புரிந்தது. காணி வைத்திருப்பவனுக்கு அந்தப் பயம் இருக்கும். இவர் செய்ததுதான் புரியவில்லை. சோறு போட்டுவிட்டுக் கேட்டேன்.

"பரண்ல ஏறுறது நான். எதுக்கு ஆமாங்கன்னீங்க?"

"மூஞ்சிக்கு நேரா எப்படிப் புள்ள இல்லைங்கிறது? இடம் குடுத்தவரு."

"சோறு நான் குடுக்கிறேன்."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

பிறகு நான் தனியாக அரசாங்கக் கந்தோருக்கும் போனேன். விதானையார் எழுதினது எழுதினதுதான் என்று திருப்பி அனுப்பினார்கள். குளிசை சில மாதம் இருந்தது, சில மாதம் இல்லை. அடுத்த மாரியில் இவர் போய்விட்டார். கடைசிவரை நான்தான் பார்த்தேன். தண்ணீர் வார்த்தேன், கால் பிடித்துவிட்டேன். பேச்சு மட்டும் குறைந்துபோனது. ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

செத்த வீட்டுக்கு ஐயா வெளுத்த வேட்டியோடு வந்தார். வாசல் படலையில் அவரைக் கண்டதும் எங்கள் ஆட்கள் எல்லோரும் எழுந்தார்கள். துண்டுகள் கக்கத்துக்குப் போயின. நான் இவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"பிள்ளை" என்றார் ஐயா.

நான் எழும்பவில்லை. அன்றைக்கு இவரும் படுத்தே இருந்தார்.